அக்காவின் உபவாசம்

ஒரு கூட்டமே வாயடைத்துப் போய் உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் மேடையில் நின்று, அந்தக் கூட்டத்தை அப்படி ஆக்கிய பொருளைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே சிரித்த முகமாக நின்றவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் நின்றிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்துப் போர்ஷனில் நாங்கள் இருந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, கதவுக்குப் பதிலாகத் திரை தொங்கும் ஒரு அறை. அந்த அறை அக்காவுக்கும் எனக்கும். அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் வேலை. அம்மா அடுத்த தெரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். இரண்டு பேரும் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து, சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தவர்கள். ஊர்ப் பெயரில்தான் தங்கமும் வயலும், எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது.

அக்கா அப்போது பி.யு.சி. முதல் வருஷம், தமிழ்நாட்டுக் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு இரண்டு பைத்தியம் என்று அம்மா சொல்வாள். ஒன்று படம் வரைவது, இன்னொன்று மொபைலில் படக்கதை படிப்பது. பைத்தியம் என்ற வார்த்தையை அந்த நாளில் எங்கள் வீட்டில் உப்புப் போடுவது மாதிரி தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் படக்கதைகளை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஸ்கூல் யூனிபார்ம் போட்ட ஒரு பெண்ணும் பையனும் காதலிப்பார்கள். பிறகு பிரிவார்கள். அந்தப் பெண் இருட்டறையில் சுருண்டு படுத்துக்கொள்வாள். உடனே அவளுடைய அம்மா வந்து கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டு, பதில் வரும்வரை வெளியிலேயே காத்திருப்பாள். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு, நான் இங்கேயே இருக்கிறேன் என்பார். அக்கா இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு, "இந்த மாதிரி அப்பா அம்மாவ எந்தக் கடையிலடி விக்கறாங்க?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எங்கள் அம்மாவுக்குத் தட்ட வேண்டும் என்று ஆசை வந்தாலும் தட்டுவதற்குக் கதவு இல்லையே.

அக்காவின் சொந்தக் கதை கிறிஸ்துமஸ் கேரல் வேனில் நடந்தது. எங்கள் சர்ச்சிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் வீடு வீடாகப் பாடப் போவோம். கீபோர்டு வாசிக்கிற பையன் ஒரு ஜன்னல் ஓரம், அக்கா இன்னொரு பக்கம், நடுவில் நசுங்கிக்கொண்டு நான். ஒரே இயர்போனின் ஒரு முனை அவன் காதில், மறு முனை அக்கா காதில், ஒயர் என் தலைக்கு மேலே. வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தினமும் ஒரு பிளம் கேக் துண்டு கிடைத்தது. அந்த டிசம்பர் முடிவதற்குள்ளேயே அவன் வீட்டார் நகரத்தின் எல்லையில், அத்திபெலேயில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார்கள். சர்ச்சும் மாறிவிட்டது. அவன் அக்காவின் நம்பரை பிளாக் செய்துவிட்டான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்கா தன் பங்குக் கேக்கையும் என்னிடம் தள்ளிவிட்டது மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு அவளுடைய முட்டை, அவளுடைய கோழித்துண்டு, அவளுடைய அப்பளம் என்று எல்லாமே என் தட்டுக்கு வர ஆரம்பித்தன. அக்கா காதலில் தோற்றதில் நேரடி லாபம் அடைந்தவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் லெந்து நாட்கள் வந்தன. ஈஸ்டருக்கு முன்னால் உபவாசம் இருந்து, ஆசையானதை விட்டுக்கொடுத்து, அடங்கி நடக்கிற காலம். அந்த வருஷம் பாஸ்டர் புதிதாக ஒன்று சொன்னார். சாப்பாட்டை விடுவது பெரிய காரியமில்லை, முடிந்தால் மொபைலை விட்டுப் பாருங்கள் என்றார். அந்த வாரமே அக்கா தன் மொபைலைக் கைக்குட்டையில் சுற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். எந்த மெசேஜும் வராத மொபைலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. இருக்காதா பின்னே! மூத்த மகள் காலையில் சாப்பிடுவதில்லை, மதியம் டப்பா அப்படியே திரும்பி வருகிறது, பூ வைப்பதில்லை, சினிமாப் பாட்டு கேட்பதில்லை, சாயங்காலமானால் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுகிறாள். உபவாச காலத்தில் ஒரு பெண் அழுதால் அது ஜெபம் என்றுதானே எங்கள் மனிதர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

"எங்க பெரியவ லெந்து எடுத்திருக்கா. இன்னா வைராக்கியம் தெரியுமா, பச்சத் தண்ணி கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கறதில்ல" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். கீழ் வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி அக்காவைக் காட்டித் தன் மகளைத் திட்டினார். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவளை எழுப்பி நிறுத்தி, உபவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அக்கா மைக்கை வாங்கினாள். பிறகு ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை, அடுத்த வருஷம் நானும் உபவாசம் இருப்பதாக அறிவித்தேன்.

ஈஸ்டர் வந்தது. பிரியாணி வந்தது. அக்கா சாப்பிடவில்லை. அதற்கும் அம்மா காரணம் வைத்திருந்தாள். அத்தனை நாள் காய்ந்த வயிறு, சட்டென்று மட்டனை ஏற்றுக்கொள்ளாதாம். அப்பா ஒருமுறை அக்காவை நிமிர்ந்து பார்த்தார், எதையோ கேட்க வாயெடுத்தார், பிறகு செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

மே மாதம் சர்ச்சில் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதப் பள்ளி. காலையில் பாட்டு, கதை, ரஸ்னா, பிஸ்கட். கடைசி நாளில் பெற்றோரை அழைத்து நிறைவு விழா. அதில் படக்கதை என்று ஒரு அம்சம் கட்டாயம் இருக்கும். பெரிய சார்ட்டுகளில் படம் வரைந்து, பிள்ளைகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, ஒருவர் மைக்கில் கதையை வாசிப்பார். அந்த வருஷம் சண்டே ஸ்கூல் சூப்பரின்டெண்ட் அங்கிளுக்குப் புது யோசனை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் நல்ல மனிதர் அவர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மொபைலில் படிக்கிற மாதிரியே ஒரு கதை வேண்டும், வாலிபரும் சோதனையும் என்பது தலைப்பு, நீயே வரைந்துவிடு என்று அக்காவிடம் ஒப்படைத்தார். பெரியவர்களும் படிக்க வேண்டும், அதனால் வசனத்தைத் தமிழில் எழுது என்றார். பென்சிலில் போட்ட முதல் சில சார்ட்டுகளைப் பார்த்தார். ஒரு பெண், ஒரு பையன், மொபைல், கண்ணீர். அவருக்குப் பரம திருப்தி. "மிச்சத்த ஜெபத்துல முடிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் சரி அங்கிள் என்றாள்.

அவள் ஹால் தரையில் குப்புறப் படுத்து வரைந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கை வேகமாக ஓடுவதைப் பார்த்தேன். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும்தான். ஆகவே வசனங்கள் எனக்கு வெறும் சுழிகள். படங்களுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. ஒரு சார்ட்டில் சேலை கட்டிய ஒரு அம்மாவை வரைந்திருந்தாள், ஆனால் சேலைக்கு நிறம் சொல்லவில்லை. வெள்ளையாக விட மனமில்லாமல், எனக்குப் பிடித்த எங்கள் அம்மாவின் ஈஸ்டர் சேலை மாதிரியே மாம்பழ மஞ்சளில் தீட்டிப் பச்சை பார்டர் போட்டேன். அக்கா பார்த்தாள். அடுத்த சார்ட்டை எடுத்துக்கொண்டாள். ஒத்திகையில் சார்ட்டுகளின் பின்பக்கத்தைத்தான் தூக்கிக் காட்டினோம், முன்பக்கம் இன்னும் காயவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். கடைசிச் சார்ட் எனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். கதை முடிகிற இடத்தில் நிற்பவளைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்!

நிறைவு விழா அன்று சர்ச் ஹால் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் அம்மா, அதே மாம்பழ மஞ்சள் சேலையில். அப்பா முதல் ஷிஃப்ட் முடித்து நேராகக் கம்பெனி நீலச் சட்டையோடு வந்து, செருப்புகள் கிடக்கும் வாசல் பக்கமாக நின்றிருந்தார். அக்கா மைக்கைப் பிடித்து, யாருக்கோ வழி சொல்வதைப் போலச் சாதாரணமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் சார்ட் மேலே போனது. வேனில் இயர்போன் பகிர்ந்துகொள்ளும் பையனும் பெண்ணும். வாலிபர்கள் விசிலடித்தார்கள், பாஸ்டர் கூடச் சிரித்தார். அடுத்ததில் பையன் போய்விட்டான். ஆன்ட்டிகள் உச்சுக் கொட்டினார்கள். அடுத்ததில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நிறைந்த தட்டு, அவள் தொடவில்லை, சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடுத்த சார்ட்டில் மாம்பழ மஞ்சள் சேலை. அந்த அம்மாவின் வாயிலிருந்து ஒரு பலூன், அதற்குள் வசனம். அக்கா வாசித்தாள்: "எங்க பெரியவ லெந்து எடுத்திருக்கா."

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தலைகள் திரும்பின. சார்ட்டில் இருந்த சேலையையும் முதல் வரிசையில் இருந்த சேலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம், என் கலரிங் அவ்வளவு அச்சாக வந்திருக்கிறதே என்று. அடுத்த சார்ட்டில் அதே பெண் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறாள், ஆனால் கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. இப்போது ஹாலில் யாரும் சிரிக்கவில்லை, மின்விசிறிகளின் சத்தம்தான் கேட்டது.

என் முறை வந்தது. எக்கித் தூக்கினேன். சார்ட்டின் மேல் விளிம்புக்கு மேலே என் கண்கள் மட்டும் வெளியே தெரிந்திருக்கும். அந்தப் படத்தில் பெண் கட்டிலில் கண் திறந்தபடி படுத்திருப்பாள், அது எனக்குத் தெரியும், அவள் தலைமுடியைக் கறுப்பாக்கியது நான்தான். அவள் தலைக்கு மேலிருந்த பலூனில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் தெரியாது. அக்கா அதை வாசிக்கவில்லை. மைக்கை இறக்கிவிட்டாள். அவர்களே படித்துக்கொண்டார்கள்.

நாளைக்கு நான் எழுந்திருக்காமலே போனால், அதையும் உபவாசம் என்று சொல்வார்களா?

நான் பார்த்தது முகங்களை மட்டும்தான். ஒரே நேரத்தில் அத்தனை முகங்களும் வெளிறிப்போவதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு ஆன்ட்டி மடியில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டார். பாஸ்டர் பாதி எழுந்து அப்படியே நின்றார். அம்மா வாயில் கையை வைத்திருந்தாள், அவள் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, என் முகத்துக்குக் கீழே இருந்த சார்ட்டில் நிலைத்திருந்தன. நான் ஏதோ தவறாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினேன்.

சூப்பரின்டெண்ட் அங்கிளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். கடைசிச் சார்ட் முடிந்து விசில் அடித்தால் ஆக்‌ஷன் பாட்டு என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு. சின்னப் பிள்ளைகள் சந்தோஷம் பொங்குகிறது என்ற பொருளில் ஒரு பாட்டை எடுத்து, என்னைச் சுற்றிக் கையைத் தட்டிக் குதிக்க ஆரம்பித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் அப்பா நடந்து வந்தார். வாசலிலிருந்து மேடை வரைக்கும், நடுவழியாக, ஷூவைக் கூடக் கழற்றாமல். அடிக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாமா கையை நீட்டித் தடுத்தார், அப்பா அந்தக் கையை மெதுவாக விலக்கினார். எனக்கும் பயமாக இருந்தது. அப்பா எங்களை அடித்ததே இல்லை, ஆனால் அவர் அப்படி நடந்தும் நான் பார்த்ததில்லை. மேடையில் ஏறி அக்காவுக்கு முன்னால் நின்றார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டார்.

"கிறிஸ்மஸ்ல இருந்து" என்றாள் அக்கா.

ஈஸ்டர் முடிந்து வெயில் காலமே பாதி போயிருந்தது. அப்பா அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததைப் பார்த்துத்தான் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள்.

அங்கிள் அம்மாவிடம் வந்தார். இது சோதனைக்காரனான சாத்தானுடைய வேலை, இங்கேயே எல்லோரும் முழங்கால் போட்டு ஜெபிப்போம் சிஸ்டர் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சர்ச்சில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவள் எங்கள் அம்மா. அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த சார்ட்டை வாங்கினாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஜெபத்த நான் பாத்துக்கறேன் பிரதர். நீங்க போயி ஒரு ஆட்டோ கூப்புடுங்க" என்றாள்.

பெங்களூரில் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்ய வேண்டும் என்றால் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, அங்கே போ என்பார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கேலி உண்டு. அன்று ஆட்டோ டிரைவரிடம் அப்பா அந்தப் பெயரைச் சொன்னதும் நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. பிறகு வாரா வாரம் அங்கே போனார்கள். எங்கே போகிறீர்கள் என்று தெருவில் கேட்டால், லெந்துவைப் பற்றிச் சொன்ன அதே குரலில் அம்மா டாக்டரைப் பற்றியும் சொன்னாள். கேட்டவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அந்தப் பையன் ஒரு சாக்குதான், இது அதற்கு முன்பே மெல்ல மெல்ல ஆரம்பித்திருக்க வேண்டும், இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வியாதிதான் என்று டாக்டர் விளக்கினாராம். அவள் விரும்புவதில் நீங்களும் உட்காருங்கள் என்றும் சொன்னாராம்.

அதை அம்மா மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மொபைல் படக்கதைகளைப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அதில் அடுக்கடுக்கான சந்தேகங்கள். "இந்தப் பொண்ணோட அம்மா வேலைக்கே போறதில்லயா? எப்பப் பாத்தாலும் கதவுகிட்டயே நிக்கறா" என்று கேட்டாள். அக்கா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான். மறுநாளிலிருந்து அம்மா எங்கள் அறைக்கு வெளியே நின்று, தட்டுவதற்குக் கதவு இல்லாததால் சுவரைத் தட்டினாள். அப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இங்கேயே இருக்கிறேன் என்றெல்லாம் அவருக்குச் சொல்ல வராது, தொழிற்சாலையில் அன்று எந்த மெஷின் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அக்கா சாப்பிட ஆரம்பித்தாள். என் தட்டுக்கு வந்துகொண்டிருந்த முட்டை நின்றுவிட்டது.

எனக்குத் தாங்க முடியாமல் போனது வேறொன்று. அம்மா விடியற்காலையில் எழுந்ததும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நேராக எங்கள் அறைக்கு வருவாள். அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிடுவாள். மாத்திரை சாப்பிடுகிற அக்கா சுலபத்தில் எழமாட்டாள். அவள் ம்ம் என்று முனகிக் கண்ணைத் திறக்கும்வரை அம்மா அசையமாட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் நாற்றம் வரும். ஒரு சொட்டுப் பால் சிந்தினால் ஒரு வாரம் திட்டுகிறவள் அவள். நான் போர்வைக்குள்ளிருந்து, பால் பொங்குது பால் பொங்குது என்று கத்தினாலும் திரும்ப மாட்டாள். அக்கா கண் விழித்த பிறகுதான் எழுந்து போவாள். போகிற போக்கில் என் போர்வையை உருவி, ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பள்ளியெழுச்சி.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு நின்றேன். "அவளுக்கு மட்டும் காலப் புடிச்சு வுட்டு எழுப்பற. எனக்கு மட்டும் ஃபேன நிறுத்தறியே, நான் இன்னா தவுட்டுக்கு வாங்கின பொண்ணா?"

அம்மாவின் கை அக்காவின் பாதத்தில் இருந்தது. அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீ எழுந்துடுவேடி."

என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்து, நான் கோபத்தோடு எழுந்து பல் தேய்க்கப் போனேன்.